டேப்பு அண்ணனும் என் வீட்டுத் தீர்வையும்

டேப்பு அண்ணன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்கண்ணே, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூரை ஓடா, தகரமா, தார்சா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் குனிந்து தரையைப் பார்ப்பார். வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் காலடி வைத்து நடப்பார். ஆள் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டியிருந்தால். போடியில் எங்கள் தெருவுக்கு அவர் குடிவந்த புதிதில், இந்த ஆள் எந்த வீட்டில் கைவைக்கத் திட்டம் போடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். நான் மட்டுமில்லை, தெருவே நினைத்தது.

சட்டைப்பையில் எப்போதும் அளக்கிற இரும்பு டேப்பு ஒன்று இருக்கும். அதன் கனத்தில் பை ஒரு பக்கமாகத் தொங்கும். அதனால் டேப்பு அண்ணன் என்று பேர் விழுந்தது. அறுபதைத் தாண்டிய ஆள். மலைமேல், கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காலம் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர். பேச்சுக்குப் பேச்சு, கேட்டீங்களா என்பதை மலையாளத்தில் 'கேட்டோ' என்பார். மனைவி மகளோடு நெடுங்கண்டம் பக்கம் இருக்கிறாள் என்றார். நீங்கள் மட்டும் ஏன் இங்கே என்று கேட்டதற்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அத்தனை வருசம் ஒத்துக்கொண்ட குளிர் வயசான பிறகு ஒத்துக்கொள்ளவில்லையாம். நான் நம்பவில்லை. ஆனால் அவரும் யார் சொன்னதையும் நம்பாதவர் என்பதால் எனக்கு அதில் குற்ற உணர்ச்சி ஒன்றுமில்லை.

கடையில் ஒரு கிலோ சீனி வாங்கினால் வீட்டுக்குப் போய்த் தன்னிடமிருக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிறுத்தி வைத்து எடை போடச் சொல்வார். சிலிண்டர்காரர் அவசரத்தில் "பெருசு, எனக்கு இன்னும் நாப்பது வீடு கெடக்கு" என்பார். "நாப்பது வீட்டுக்காரனும் நம்புறான்ல, நான் ஒருத்தன் நம்பலேன்னா என்னப்பா குறைஞ்சு போச்சு?" என்பார் இவர். எடை போட்டுச் சரியாக இருந்துவிட்டால் இவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். "இன்னைக்குச் சரியா இருக்கு. அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏண்ணே, ஒங்களுக்கு ஒரு மனுசரையும் நம்பத் தோணாதா?"

அவர் சொன்னார். "தங்கச்சி, தோட்டத்துல எனக்குச் சோலி என்னன்னு நெனச்ச? பச்சை ஏலக்காய் நிறுக்குறது. பொம்பளைங்க எடுத்துட்டு வர்ற காயை நிறுத்து நோட்டுல எழுதணும். கூட எடுத்தா கூடக் காசு. மொதலாளி சொல்லுவாரு, ஈரம்னு சொல்லிக் கழிச்சுருன்னு. கழிப்பேன். மழையில்லாத நாள்லயும் ஈரம்னு எழுதுவேன் கேட்டோ. ஒருத்திகூட ஏன்னு கேட்டதில்ல. நோட்டுல எழுதிட்டா சரியாத்தான் இருக்கும்னு நம்பிருவாங்க. நானே எழுதின பொய்யி அத்தனையும். அதுலேருந்து எவன் எழுதினதையும் நான் அளந்து பாக்காம நம்புறதில்ல."

என் அம்மாவும் மலைமேல் காய் எடுத்தவள்தான். ஜீப்பில் போய், அட்டைக்கடி பட்டு, அந்தி சாயத் திரும்புவாள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவர் ஒரு பேர் சொன்னார். அம்மா வேலை பார்த்தது அதுவல்ல. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வேறு பேர் சொன்னாரோ என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

நகராட்சி ஆபீசில் எல்லா வீட்டுக்கும் தீர்வையை, அதாவது வீட்டு வரியை, மாற்றிப் போட்ட வருசம்தான் அவருக்கு மவுசு வந்தது. வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே முழித்தது. தீர்வை கூடியிருக்கிறது என்பது தெரிகிறது. ஏன் இவ்வளவு என்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. எதிர்த்த வீட்டில் தையல் தைக்கிற அக்காவுக்கு, வீடு என்னவோ சின்னதுதான், என் வீட்டைவிடக் கூடுதலாக வந்திருந்தது. அவள் அழாத குறை. டேப்பு அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி, அவர் வழக்கப்படி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். எந்தக் காகிதமானாலும் இரண்டு தடவை சத்தமாகப் படிப்பார். முதல் தடவை அவன் சொல்றது, ரெண்டாவது தடவை நான் பாக்குறது என்பார்.

"பயந்துக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல கேட்டோ. எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு, எதுக்கு இருக்கு, எத்தனை வயசு. இந்த நாலைத்தான் கேட்டு எழுதியிருப்பான். நாலுல எது தப்புன்னு கண்டுபிடிச்சாப் போதும். தீர்வை ஜாஸ்தின்னு அழுதா ஒருத்தனும் கேக்க மாட்டான். இந்த இடத்துல தப்பா எழுதியிருக்கன்னு காட்டுனா பதில் சொல்லியே ஆகணும்."

அளந்தார். தையல் அக்கா வீட்டில், திறந்துகிடக்கிற முற்றத்தையும் கட்டடம் என்று சேர்த்திருந்தது. வீடு சந்துக்குள் இருக்க, மெயின் ரோட்டு விகிதம் போட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினார். முற்றத்தைப் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார். பழைய ரசீது நகலை வைத்தார். கொடுத்ததற்கு ஆபீசில் முத்திரை போட்ட நகல் வாங்காமல் வரக்கூடாது என்று அவளோடு கூடவே போய் நின்றார். நோட்டீசில் போட்டிருக்கிற நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், அது தாண்டினால் நாம் ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள் என்று மிரட்டினார். ரெண்டு மாதத்தில் அவளுக்குக் குறைந்தது. அதோடு தெருவே அவர் வாசலில் நின்றது.

காசு வாங்க மாட்டார். அது பரவாயில்லை. அளக்கப் போன வீட்டில் காப்பி, மோர், ஒரு வாய் தண்ணிகூட வாங்க மாட்டார். "குடிச்சுட்டு அளந்தா ரெண்டடி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போயிரும்" என்பார். எங்கள் ஊரில் இது பெரிய மரியாதைக் குறைவு. அதோடு சந்தேகமும் வந்துவிட்டது. முக்குவீட்டு வாத்தியார் ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "காசும் வாங்கல, காப்பியும் குடிக்கல. அப்ப அந்த ஆளு யார்கிட்டதான் வாங்குறான்? யோசிச்சுப் பாரு மாப்ளே." யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

வாத்தியாருக்குக் கோபம் இருந்தது. அவர் மாடியில் தகரம் போட்டு ஒரு ரூம் இறக்கியிருந்தார். அது கணக்கில் இல்லை. சந்துக்கு மெயின் ரோட்டு விகிதம் போட்டதை மட்டும் எழுதிக்கொடுங்கள், மேலே இருப்பதை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். டேப்பு அண்ணன் மறுத்துவிட்டார். "தப்பா ஏத்துனதை எழுதுனா, தப்பா விட்டதையும் எழுதணும் சார். இல்லேன்னா நான் நிறுத்த பழைய எடை மாதிரிதான் இதுவும். வேற ஆளைப் பாருங்க." வாத்தியார் வேறு ஆளைப் பார்த்தார். ஒரே மாதத்தில் ஆபீசிலிருந்து ரெண்டு பேர் நேராக மாடிக்கு ஏறி அந்த ரூமை அளந்துவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான். போட்டுக் கொடுத்தது டேப்பு அண்ணன் என்று தெரு முடிவு கட்டியது. வாத்தியார் அந்த ரூமுக்குத் தனியாகக் கரண்டு மீட்டர் வாங்கியிருந்தார், கரண்டு ஆபீஸ் கணக்கைப் பார்த்தாலே மாடி வந்துவிடும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. டேப்பு அண்ணன் அண்ணாந்து பார்க்கிற பார்வைதான் ஞாபகம் வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டுகிறார். விடியுமுன் மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். நான் வீட்டில் ஏலக்காய் பிரிக்கிறேன். ஏலக்காய்க் கடையிலிருந்து மூட்டை வரும். முன்அறையில் கொட்டி, பிளந்தது, கருத்தது, பூச்சி அரித்தது எல்லாம் தனித்தனியாக ஒதுக்கி, நல்ல காயைத் திரும்ப மூட்டை கட்டி அனுப்பினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மகள் தேனியில் காலேஜில் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் வருவது ஜீப்புக் கடனுக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகும். அவள் படிப்பு ஓடியது இந்தக் காயில்தான்.

தெருவில் எல்லாருக்கும் வந்து முடிந்து, அடுத்த வருசம் எனக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டீஸ் வந்தது. குடியிருப்பு என்று இருந்த இடத்தில் வணிகம் என்று மாற்றியிருந்தது. தீர்வை மூன்று மடங்குக்குக் கிட்ட வந்தது. அதைவிடப் பெரிய அடி, கடைக்காரர் காதுக்கு இது போனதும் வந்தது. "ஆத்தா, ஒன் வீட்டை ஆபீசுல கிட்டங்கி, குடோன்னு எழுதிட்டாங்களாமே. நாளைக்கு ஒருத்தன் வந்து மூட்டை யாருதுன்னு கேப்பான். சரியாகட்டும், அப்புறம் காய் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். மூட்டை நின்றது. மகளுக்குக் கட்ட வேண்டிய கடைசித் தவணை பாக்கி இருந்தது.

யார் செய்தது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் முன்புதான் டேப்பு அண்ணன் என் வாசலில் நின்று முன்அறையை எட்டிப் பார்த்து, "எத்தனை மூட்டை தங்கச்சி?" என்று கேட்டிருந்தார். நோட்டீஸ் வருவதற்கு முன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து போனை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனது உண்டு. அவருக்கு மோர் கொடுத்தேன், போகும்போது தாளில் ஒரு பிடி காயும் மடித்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் கிடையாது. மரியாதையாகச் சிரித்து வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை. மூட்டையை எண்ணியவர் மேல்தான் எழுந்தது.

குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். "வாத்தியாருக்கு அடுத்து எனக்குப் போட்டுக் குடுத்துட்டாரு டேப்பு அண்ணன். அவரு டேப்புல அளந்ததெல்லாம் நமக்கில்ல, ஆபீசுக்கு." எனக்கு வாய் நீளம், அது ஊர் அறிந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. தையல் அக்கா மட்டும், "எனக்குக் குறைச்சுக் குடுத்தாரேடி" என்றாள். "மொதல்ல ஒருத்தருக்குக் குறைச்சாத்தானே மத்தவ கதவைத் தொறப்பா" என்றேன் நான். மறுநாளிலிருந்து அவர் தெருவில் நடந்தால் கதவுகளைச் சாத்தினார்கள். கடையில் அவருக்குச் சில்லறை இல்லை என்றார்கள். வாத்தியார் அவர் காதுபடவே ஒற்றன் என்றார்.

நோட்டீசில் போட்ட நாள் நெருங்கியது. என் வீட்டுக்காரர் பிரவுசிங் சென்டரில் ஒருத்தரிடம் ஆட்சேபணை எழுதச் சொன்னார். அவர் 'நாங்கள் ஏழைகள், கருணை காட்டவும்' என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததும் டேப்பு அண்ணன் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அழுதால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வெட்கத்தை விட்டுவிட்டு அவர் வாசலுக்குப் போனேன். மூன்று நாள்தான் மிச்சம்.

அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ சொன்னது காதுல விழுந்துச்சு" என்றார். "சந்தேகப்படுறது தப்பில்ல. நானா இருந்தாலும் என்னையத்தான் சந்தேகப்படுவேன். காகிதத்தைக் கொண்டா." இவ்வளவுதான். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டாத மனுசர் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. செய்த தப்புக்குத்தான் இவ்வளவு தணிந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

வந்து அளந்தார். தண்ணி வேண்டாம் என்றார். பின்னால் விறகுக்காக இறக்கியிருந்த தகரக்கொட்டகையை அடுப்படியாக மாற்றியிருந்தோம். அது பழைய கணக்கில் இல்லை. அதையும் எழுதினார். "அண்ணே, இருக்கிற வரி போதாதுன்னா இதையும் ஏத்துறீங்க?" என்றேன்.

"அது இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப எழுதணும். நம்ம பக்கம் ஒரு பொய் இல்லேன்னாத்தான் அவன் எழுதுனதைப் பொய்னு சொல்ல முடியும். ஒப்பில்லேன்னா சொல்லு, வெரசா வேற ஆளைப் பாக்கலாம்."

வேறு ஆளுக்கு எங்கே போவேன். எழுத விட்டேன். கடைக்காரரிடம் போய், மூட்டைகள் தன்னுடையவை, நான் கூலிக்கு வீட்டில் பிரித்துத் தருகிறேன் என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். கடைக்காரருக்குத் தன் மூட்டைக் கணக்கு காகிதத்தில் ஏறுவதில் இஷ்டமில்லை. மூன்று நடை நடந்து, கடைசி நடையில் கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்ட பிறகுதான் கொடுத்தார். அதில் 'கூலிக்கு' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாள் தாண்டாமல் ஆட்சேபணையைக் கொடுத்தோம், விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஆபீசுக்கு நானும் அவரும் போனோம். உள்ளே கூப்பிடும் முன், என் வீட்டு ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அங்கிருந்த கிளார்க், எதற்கு என்றார். "எங்க மேல எழுதுனது என்னன்னு தெரியாம நாங்க என்னன்னு பதில் சொல்றது சார்?" என்று இவர் நின்ற இடத்திலேயே நின்றார். கிளார்க் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்துவிட்டுக் கொடுத்தார்.

போட்டுக் கொடுத்தவர் பேர் அதில் இருக்கும். அது இவர் பேராகவே இருந்தால், என் கண்முன்னால் இவரே அதை எப்படிப் படிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு தாளாகச் சத்தமாக வாசித்தார். வீட்டு எண், சதுர அடி, தார்சு, கட்டிய வருசம். ஒரு தாள் வந்ததும் சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. ஒரு தடவை படித்தார். மறுபடி ஒரு தடவை. ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. அப்படி அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஃபைலை மூடி, "பாத்தாச்சு தங்கச்சி. ஒண்ணுமில்ல, வா போவோம்" என்றார்.

நான் விடவில்லை. அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தேன். வீடு பார்க்க வந்தவர் எழுதிய குறிப்பு. 'முன்அறையில் ஏலக்காய் மூட்டைகள். சொந்த வியாபாரம் என்று வீட்டின் உரிமையாளர் தெரிவித்தார்.' அதற்குக் கீழே கையெழுத்து. என் கையெழுத்து.

அந்த நாள் அப்படியே திரும்ப வந்தது. மகளோடு காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி தேனியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நல்ல வசதியான வீட்டுப் பெண். நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் முன்அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வந்தவர், "இதெல்லாம் கூலிக்குப் பிரிக்கிறீங்களாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். மகள் தலையைக் குனிந்தாள். நான் சிரித்துக்கொண்டே, "கூலிக்கா? எங்க சொந்த யாவாரம் சார். எப்பவும் பத்து மூட்டை கெடக்கும்" என்றேன். போடியில் காய் பிரிக்கிறவள் யாரும் அடுத்தவன் காயைப் பிரிக்கிறேன் என்று சொல்ல மாட்டாள். மூட்டை வாசலில் இறங்கியதுமே அது நம்ம காய். சொல்லிச் சொல்லி நமக்கே அப்படித் தோன்றிவிடும். அவர் எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். படிக்காமல் போட்டேன். அதோடு ஒரு பிடி காயும் கொடுத்து அனுப்பினேன்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. டேப்பு அண்ணனும் என்னைப் பார்க்கவில்லை, அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஃபைலைப் புரட்டி, "நீங்களே சொந்த வியாபாரம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்றார். டேப்பு அண்ணன்தான் பேசினார். "சார், சொன்னதுக்கு வரி இல்ல, இருக்கிறதுக்குத்தானே வரி. வந்து பாருங்க. மூட்டை யாருதுன்னு கடைக்காரர் லெட்டர் இருக்கு. கரண்டு பில்லு வீட்டு இணைப்பு. அந்த ரூம்லதான் ராத்திரி பாய் விரிச்சுப் படுக்குறாங்க. கணக்குல விட்டுப்போன அடுப்படியையும் நாங்களே எழுதிக் குடுத்திருக்கோம். வந்து அளந்துட்டு என்ன போடணுமோ போடுங்க." அதிகாரி அடுப்படியைப் பற்றி எழுதியிருந்த வரியை இன்னொரு தடவை படித்தார். நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். குரலில் முன்பிருந்த கடுமை இல்லை.

இருவரும் திரும்பி வந்தோம். தெருமுனையில் வாத்தியாரும் தையல் அக்காவும் இன்னும் ரெண்டு மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். வாத்தியார் அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் கேட்டார். "ஃபைலைப் பாத்தியாம்மா? யாரு போட்டுக் குடுத்ததுன்னு இருந்துச்சா?"

டேப்பு அண்ணன் எனக்கு ஒரு எட்டுப் பின்னால் நின்றார். ஒரே வார்த்தையில் முடிகிற விசயம். நான்தான் என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், எதற்காகச் சொன்னாய் என்று கேட்பார்கள். கூலிக்காரி என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னேன் என்று அந்தத் தெருமுனையில் நின்று சொல்ல வேண்டும். நாலு பேர் காதில் நான் ஊதிவிட்டதை நானே விழுங்க வேண்டும். அவராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு சீனிப் பொட்டலத்தைக்கூட நம்பாத மனுசர், நான் சொல்லுவேன் என்று நம்பி அங்கே நின்றார்.

"அதெல்லாம் ஆபீசுல காட்ட மாட்டாங்களாம்" என்றேன்.

"காட்ட மாட்டான். எப்படிக் காட்டுவான்" என்றார் வாத்தியார். டேப்பு அண்ணன் எங்களைத் தாண்டி நடந்து, அவர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

ஆள் வந்து பார்த்தார்கள். குடியிருப்பு என்று திருப்பிப் போட்டு உத்தரவு வந்தது. அடுப்படிக்கு மட்டும் கொஞ்சம் கூடியது. மூட்டை மறுபடி வந்தது. மகள் தவணையைக் கட்டிப் பரீட்சை எழுதினாள். இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் யார் வீட்டையும் அளக்கவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. அடுத்த மழைக்கு முன் வீட்டைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கே போகிறார் என்று கேள்விப்பட்டேன். கிளம்புகிற அன்று காலையில் போனேன். "அண்ணே, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒவ்வொரு அரை வருசமும் ரசீதைப் பாத்து வாங்கு தங்கச்சி. ஒரு தடவை மாத்திட்டா மாத்துனதுதான்னு நம்பிராத. திரும்ப வணிகம்னு ஏறிரும் கேட்டோ." என்னிடம் சொல்ல அவருக்கு அவ்வளவுதான் இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளாத மனுசர் மறுபடி மலையேறினார். வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர்தான். வாடகை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லியனுப்பினேன். அண்ணன் வாடகையை எண்ணிக் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாராம்.

இப்போதும் தெருவில் தீர்வைப் பேச்சு வந்தால் அவர் பேச்சும் வரும். "அந்த ஒற்றன் போனதுக்கப்புறம்தான் நிம்மதி. ஒரு வீட்டுக்காவது தனி நோட்டீஸ் வந்துச்சா பாரு" என்பார் வாத்தியார். எல்லாரும் ஆமாம் என்பார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள், அதிகமாக அடிபட்டவள் நான் இல்லையா.

நானும் ஆமாம் என்கிறேன்.